மனையாவெளிப் பழைய வீடு: வாங்கி, திருத்தி, விற்ற ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகருக்குள் இருந்த ஒரு பழைய வீட்டை வாங்கித் திருத்தி இலாபம் வைத்து விற்க இருவர் எடுத்த முயற்சியின் பதிவு இது. 2023 யூலையில் வீட்டை முதன்முதல் பார்த்தார்கள். 2025 பெப்ரவரியில் விற்பனை உறுதி (காணிப் பத்திரம்) எழுதி முடிந்தது. கட்டட வேலைக்கு ஆலோசனை சொன்னவன் என்ற முறையில், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையும், வீடு எந்த ஒழுங்கையில் (சிறு வீதியில்) இருக்கிறது என்பதையும் தவிர்த்திருக்கிறேன். தொகைகள் அவர்களுடைய கணக்குக் கொப்பியில் இருந்து எடுத்தவை.

பின்னணி

ஒருவர் கட்டாரில் பல வருடம் கட்டட மேற்பார்வையாளராக வேலை செய்து திரும்பியவர். மற்றவர் அவருடைய மச்சான், நகரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஒருவருக்கு வேலை தெரியும், மற்றவருக்குப் பொருளின் விலை தெரியும். இருவர் கையிலும் சேர்த்து ஒரு கோடி ரூபாய் அளவில் சேமிப்பு இருந்தது.

அவர்கள் தேர்ந்தெடுத்த நேரம் மோசமானதல்ல. 2022 நெருக்கடியில் 3,000 ரூபாயைத் தொட்ட சீமெந்து மூட்டை விலை இறங்கத் தொடங்கியிருந்தது. 2023 யூனில் மத்திய வங்கி கொள்கை வட்டியைக் குறைக்க ஆரம்பித்திருந்தது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பலர் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்று யோசிக்கத் தொடங்கிய காலமும் அதுதான்.

வீடு மனையாவெளிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. காணி 11 பேர்ச்சஸ். 40 அடி அகலம், ஏறக்குறைய 75 அடி ஆழம். வாசல் கிழக்குப் பார்த்தது, கிணறு ஈசான மூலையில். சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரை கலிக்கட் ஓடு. பின்னால் 1990களில் சேர்த்த குசினி, அதற்கு மேலே அஸ்பெஸ்டஸ் தகடு. கேட்ட விலை ஒரு கோடி. பேசி 92 இலட்சத்துக்கு வந்தது.

முதற் பார்வை

யூலை மாதம், கச்சான் காற்று அடிக்கிற காலம். வெயிலில் எல்லாச் சுவரும் காய்ந்து கிடந்தது. நடுக்கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு பெயின்ட் உரிந்து, வெள்ளைத் தூள் பூத்திருந்தது. கட்டாரில் இருந்து வந்தவர் அதைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, “பழைய பூச்சுத்தானே, கொத்திவிட்டுத் திரும்பப் பூசினால் சரி” என்றார். அவருடைய அனுபவம் முழுக்கக் கொங்கிரீட் கட்டடம். முருகைக்கல் சுவரோடு பழகியவரல்ல.

அவர்களுடைய முதல் திட்டம் இப்படி இருந்தது: தரை முழுக்க டைல்ஸ், சீலிங், பான்ட்ரி குசினி, படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை, முற்றத்துக்கு இன்டர்லொக் கல், மேலே ஓர் அறையும் கடல் தெரியும் மொட்டைமாடியும். மதிப்பீடு 38 இலட்சம். ஐந்து மாதத்தில் முடித்து, ஒரு கோடி 75 இலட்சத்துக்கு விற்பது.

மாடி அறை முதலில் கழன்றது. வீடு கடலில் இருந்து 300 மீற்றருக்குள் வருகிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கரையோர வலயம். அங்கே புதிதாக ஒன்றைக் கட்ட நகரசபை அனுமதியோடு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அதை எடுக்கலாம், எடுத்தவர்களும் உண்டு. ஆனால் விற்பதற்காகத் திருத்தும் வீட்டுக்கு அந்தக் காத்திருப்பு கட்டாது. அதைவிட, பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேலே கொங்கிரீட் பாரம் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள்.

உறுதியும் உரித்தும்

காணி தனியார் உறுதிக் காணி. இது முக்கியம். திருகோணமலை மாவட்டத்தில் அரச அனுமதிப்பத்திரத்திலும் அளிப்பிலும் இருக்கும் காணிகள் நிறைய. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. ‘பேமிட் காணிதான், ஒரு பிரச்சினையும் வராது’ என்று தரகர் சொன்ன இரண்டு வீடுகளை இவர்கள் ஏற்கெனவே கைவிட்டிருந்தார்கள். நல்ல முடிவு.

நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பின்னோக்கித் தேடினார். பிறகு வாங்குபவர் வங்கிக் கடன் எடுத்தால் வங்கியின் சட்டத்தரணி அவ்வளவு தூரம் கேட்பார் என்பதற்காகவே அப்படிச் செய்தார். தகப்பன் 1986இல் தன் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளுக்கும் பிரிபடாத சம பங்காக நன்கொடை உறுதி எழுதியிருந்தார். தகப்பன் இப்போது இல்லை. மூத்த மகள் சென்னையில், இளைய மகன் கனடாவில். நடுவில் உள்ளவர் ஊரிலேயே இருந்து இறந்துபோனார்; அவருடைய மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தைப் பற்றிய நீதிமன்ற நடவடிக்கை) முடிந்திருந்தது. பொதுச் சட்டப்படி அவருடைய மூன்றில் ஒரு பங்கில் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி இரண்டு பிள்ளைகளுக்கு. அதாவது பிள்ளைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு.

அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்குக்காரர்களில் இளையவளுக்கு வயது 17. பராயமடையாத பிள்ளையின் பங்கை விற்க மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு 18 வயது ஆகும் வரை பொறுக்க வேண்டும். பிறந்தநாள் 2024 மார்ச்சில்.

தாய் கையெழுத்து வைத்தால் போதும் என்று தரகர் வற்புறுத்தினார். உறவினர் ஒருவரும் அதையே சொன்னார். நொத்தாரிசு மறுத்துவிட்டார்: நாளைக்கு அந்தப் பிள்ளை வந்து என் பங்கு எங்கே என்று கேட்டால், வீட்டை வாங்கிக் குடியிருக்கும் மூன்றாம் ஆள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். அவர் சொன்னதைக் கேட்டது இந்த முயற்சியில் எடுத்த மிகச் சரியான முடிவு என்பது என் அபிப்பிராயம். ஒக்டோபரில் 10 இலட்சம் முற்பணம் கொடுத்து விற்பனை உடன்படிக்கை ஒன்றை எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தார்கள். கனடாக்காரர் அங்குள்ள தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரம்) எழுதி அனுப்பினார். உறுதி மார்ச்சில் முடிப்பதென்று ஏற்பாடு. சாவி மட்டும் ஒக்டோபரிலேயே கைக்கு வந்தது.

வீட்டுக்குள் இருந்தவர்

வீடு பூட்டிக் கிடக்கவில்லை. பின் அறையில் ஓர் அம்மாவும் மகனும் இருந்தார்கள். 2006இல் மூதூர்ச் சண்டையில் இடம்பெயர்ந்து நகருக்கு வந்தவர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உரிமையாளர்கள் வாடகை இல்லாமல் இருக்க விட்டிருந்தார்கள். விற்றவர்கள் பக்கத்தில் சொன்னது ஒரே வரி: “சொன்னவுடனே எழும்பிவிடுவா.”

பத்து வருடத்துக்கு மேல் ஓர் இடத்தை உரிமையாளருக்கு எதிராக ஆண்டுவந்த ஒருவர் நீதிமன்றத்தில் உரித்துக் கோரலாம். அனுமதியோடு இருந்தவர் அப்படிக் கோரி வெல்வது கடினம். ஆனால் வழக்கு என்று ஒன்று பதிவாகிவிட்டால் வீடு வருடக்கணக்கில் முடங்கும், எந்த வங்கியும் கிட்ட வராது. இது கணக்குப் பக்கம். மற்றப் பக்கமும் உண்டு. பதினேழு வருடம் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது அவரால். ஓடு விலகினால் மகனை ஏற்றிச் சரிசெய்ததும், முற்றம் கூட்டியதும், கிணற்றில் குப்பை விழாமல் பார்த்ததும் அவர்தான். அதே ஒழுங்கையில் ஆள் இல்லாமல் விட்ட இரண்டு வீடுகள் கூரை இடிந்து ஆலமரம் முளைத்துக் கிடக்கின்றன.

மச்சான் நேரே போய் அவரோடு கதைத்தார். மூதூர்ப் பக்கம் அவருடைய சொந்தக் காணியில் அரைகுறையாக ஒரு வீடு நின்றது. கூரை போட்டுக் கதவு வைத்தால் போகலாம் என்றார். அதற்கு 4 இலட்சம் என்று கணக்குப் பார்த்து, விற்றவர்களிடம் பேசி விலையை 88 இலட்சமாகக் குறைத்து, அந்த 4 இலட்சத்தை அவருக்கே கொடுப்பதென்று முடிவானது. பாதியை அவருடைய மூதூர் வீட்டு வேலை தொடங்க முன்கூட்டியே கொடுத்தார்கள், மீதியை வீட்டை விடும் நாளில். உரித்துக் கோரவில்லை என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்றும் முடித்தார்கள். உறுதி எழுதுவதற்கு மூன்று வாரம் முன்னமே அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். இலாபம் பார்க்கும் வேலையில் இப்படிச் செய்யத் தேவையில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

அவரிடம் இருந்து கிடைத்த இன்னொன்றுக்குக் கணக்குக் கொப்பியில் இடம் இல்லை. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

மாரியில் பார்த்தது

உறுதிக்காகக் காத்திருந்த மாதங்கள் சரியாக வடகீழ்ப் பருவமழைக் காலம். கையில் சாவி இருந்ததால் மழைக்குள் வீட்டைப் பார்க்க முடிந்தது. அந்தப் பிள்ளைக்கு வயது வந்திருந்தால் ஒக்டோபரிலேயே உறுதி எழுதி, நவம்பரில் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள்.

நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்தபிறகு போனோம். முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். கூடத்துச் சுவர் நெஞ்சு உயரம் வரை கறுத்து ஈரம் ஏறியிருந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பின்னால் வந்து நின்று, “தம்பி, கூரையால வாறதில்ல. மேல பாத்துப் பிரயோசனம் இல்ல, றோட்டைப் பாருங்கோ” என்றார். வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் வந்த காலத்தில் ஒழுங்கை முற்றத்தை விடத் தாழ்வாக இருந்ததாம். கிரவல், பிறகு தார், பிறகு கொங்கிரீட் என்று ஒவ்வொரு முறையும் ஏறி ஏறி, இப்போது முற்றத்தை விட 9 அங்குலம் உயரத்தில் நிற்கிறது. ஒழுங்கைத் தண்ணீர் கேற்றுக்குக் கீழால் வீட்டுக்குள் வருகிறது. ஒழுங்கையோரம் நகரசபை வடிகான் இருக்கிறது, ஆழமானதுதான். ஆனால் மண் அடைத்துக் கிடந்தது. மலசலகூடக் குழி எந்த மூலையில் பொங்கும், எந்த அறையில் கட்டிலைச் சுவரில் இருந்து தள்ளிப் போட வேண்டும் என்பதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். குறித்துக்கொண்டேன். பிறகு நாங்கள் தயாரித்த வேலைப் பட்டியலில் பாதி அந்தக் குறிப்பில் இருந்து வந்தது.

சுவரின் நோய் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரில் கடலோரம் உள்ள பழைய வீடுகள் பலவற்றில் இதே கதைதான். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் தண்ணீரை உறிஞ்சும், காற்றுப் பட்டால் விட்டுவிடும். அத்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் படை கிடையாது. கட்டிய காலத்தில் அது தேவைப்படவும் இல்லை, கீழே ஏறிய ஈரம் சுவரின் இரு பக்கத்தாலும் ஆவியாகிப் போனது. 1990களில் யாரோ அந்தச் சுவருக்கு உள்ளும் புறமும் சீமெந்துப் பூச்சுப் போட்டிருக்கிறார்கள். சீமெந்து இறுக்கமானது. ஈரம் வெளியே வர வழி இல்லாமல் மேலே மேலே ஏறுகிறது. நிலத்தடி நீரில் உள்ள உப்பும் கடற்காற்றின் உப்பும் அதோடு சேர்ந்து ஏறி, வெயில் காலத்தில் பூச்சுக்குப் பின்னால் பளிங்காகிப் பருத்து, பூச்சைத் தள்ளி விழுத்துகிறது. யூலையில் பார்த்த வெள்ளைத் தூள் இதுதான். அதைக் கொத்திவிட்டுத் திரும்பச் சீமெந்து பூசி, மேலே புட்டி வைத்து, விலை கூடிய பெயின்ட் அடித்தால் ஆறு மாதம் அழகாக இருக்கும். விற்கிறவருக்கு ஆறு மாதம் போதும் என்பதால்தான் பலர் அதைச் செய்கிறார்கள். வாங்கி வந்த குடும்பம் அடுத்த மாரியில் சுவரைப் பார்த்து அழும்.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையே அளந்தோம்: 24 அடி. மணற்பாங்கான நிலம். கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுத்ததில் மலக்கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது.

திட்டம் மாறியது

டிசெம்பரில் மூவரும் உட்கார்ந்து பட்டியலைத் திரும்ப எழுதினோம். இன்டர்லொக் கல் வெட்டுப்பட்டது. முற்றத்தை மூடினால் தண்ணீர் சுவரடிக்குத்தான் போகும். சீலிங் வெட்டுப்பட்டது. பான்ட்ரி சுருங்கியது. முற்றத்துக்கு மண் நிரப்பி ஒழுங்கை மட்டத்துக்கு உயர்த்தலாம் என்று மச்சான் சொன்னார்; அப்படிச் செய்தால் சுவரின் இன்னும் 9 அங்குலம் மண்ணுக்குள் போய் ஈரம் கூடும் என்பதால் விட்டோம். அதற்குப் பதிலாக கேற்றடியில் மேடு வைத்து ஒழுங்கைத் தண்ணீரை மறிப்பது, முற்றத்துத் தண்ணீரைப் பக்கக் கானால் வடிகானுக்கு இறக்குவது, சுவரைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குச் சல்லி போடுவது. குழியை மூடி, மேற்குக் கோடியில் வாயு மூலையில் (வடமேற்கில்) புதிது கட்டுவது. அது கிணற்றில் இருந்து 60 அடிக்கு மேல் விலகுகிறது. வாஸ்து பார்ப்பவர்களுக்கும் அந்த மூலை சரியாக இருந்தது வசதி.

கூடத்திலும் அறைகளிலும் நாலடி உயரத்துக்குச் சீமெந்துப் பூச்சை முழுதாக அகற்றி, சுவரை வெறுமையாகக் காயவிட்டு, சுண்ணாம்பால் பூசுவதென்று நான் சொன்னபோது இருவருக்கும் தயக்கம். பார்வையாளருக்குத் தெரியாத வேலைக்கு ஏன் ஐந்து இலட்சம் என்பது நியாயமான கேள்விதான். கட்டாரில் இருந்து வந்தவரே முடிவில் ஒத்துக்கொண்டார். “இந்த ஊரில திரும்பத் திரும்பச் செய்யப்போற தொழில். முதல் வீட்டிலேயே பேர் கெட்டால் சரிவராது” என்றார்.

சேதத்தைச் சொல்லி விலையை இன்னும் குறைக்கக் கேட்டார்கள். பழைய வீடு என்று தெரிந்துதானே விலை பேசினீர்கள் என்று விற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். உடன்படிக்கையில் அதற்கு இடம் இல்லை.

வேலை

2024 ஏப்ரலில் தொடங்கி ஓகஸ்ட்டில் முடிந்தது. உறுதி முடிந்த கையோடு 40 இலட்சம் வங்கிக் கடன் எடுத்தார்கள், வட்டி 14 வீதம்.

பூச்சை அகற்றியதும் சுவரைக் கழுவக்கூடாது என்று வேலையாட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கழுவினால் உப்பு கரைந்து உள்ளேதான் போகும். காய்ந்த தும்புத்தடியால் தட்டி, விழுந்த தூளைச் சாக்கில் அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். சில நாளில் திரும்பவும் பூக்கும், திரும்பவும் தட்ட வேண்டும். மே, யூன் இரண்டு மாதமும் கதவு யன்னல் திறந்தபடி சுவர் கச்சானில் காய்ந்தது. இதற்கிடையில் சுண்ணாம்பைப் பீப்பாயில் ஊறப் போட்டாயிற்று. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த மேசன் கிடைப்பதுதான் பெரிய பாடு. தம்பலகாமம் பக்கம் கோயில் திருப்பணி வேலை செய்த ஒரு முதியவர் வந்தார். மெல்லிய படையாக மூன்று தரம் பூசினார். ஒவ்வொரு படைக்கும் இடையில் நாட்கணக்கில் இடைவெளி விட்டார், அந்த நாட்களில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாக இறுக வைத்தார். நகரத்து இளம் மேசன்கள் இரண்டு பேர் அவருக்குக் கீழே நின்று பழகினார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் மனநிறைவு தந்தது அதுதான்.

பூச்சுக்கு மேலே பெயின்ட் இல்லை, சுண்ணாம்பே அடித்தோம். விலை மலிவு, சுவரும் மூச்சு விடும்.

கூரையில்தான் பட்ஜெட் உடைந்தது. கீழிருந்து பார்த்தபோது முதிரை வளைகள் கல் போல நின்றன. ஓட்டைக் கழற்றியபோது மூலைப் பீலிக்குக் கீழே பனஞ்சிலாகைகளின் நுனி உக்கி, ஒரு பக்கத்தில் கறையான் வளை வரை போயிருந்தது. ஓடாவி (தச்சர்) ஒரு சிலாகையைப் பெருவிரலால் அழுத்தினார்; உள்ளே போனது. 5 இலட்சம் என்று போட்ட கூரைக்கு 9 இலட்சத்துக்கு மேல் முடிந்தது. ஓடுகள் பெரும்பாலும் நல்லவை, கழுவித் திரும்பப் போட்டோம்; குறைந்ததை இடித்த வீடொன்றில் இருந்து வாங்கினோம். அஸ்பெஸ்டஸ் தகட்டை நனைத்து, உடைக்காமல் இறக்கினோம். வயரிங் முழுக்கப் புதிது, ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் சேர்த்து.

வடிகானைத் துப்புரவாக்கித் தரும்படி நகரசபைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆட்கள் வந்து செய்தார்கள். அயல் வீட்டார் போட்டிருந்த கொங்கிரீட் மூடிகளைத் தூக்க அவர்களே கைகொடுத்தார்கள், அவர்கள் வீட்டுக்கும் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால்.

ஒரு வேலை பட்டியலில் இல்லாமல் நடந்தது. முன்மதில் சரிந்திருந்ததால் இடித்து, அதே கோட்டில் புதிதாகக் கட்டி, பெரிய கேற் போட்டார்கள்: 2 இலட்சத்து 40 ஆயிரம். பழைய மதில் நின்ற இடம்தானே, அனுமதி எதற்கு என்று நினைத்துவிட்டார்கள். அதன் விலை பிறகு தெரிந்தது.

விற்பனை

செப்டெம்பரில் தரகரிடம் சொன்னார்கள், ஒரு கோடி 60 இலட்சம் என்று. அந்த மாதம் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல்; வந்து பார்த்தவர்கள் எல்லாரும் “தேர்தல் முடியட்டும்” என்றார்கள். முடிந்ததும் பாராளுமன்றத் தேர்தல் வந்தது.

ஒக்டோபரில் லண்டனில் இருந்து வந்த ஒருவர் கேட்ட விலைக்கே வாங்கத் தயார் என்றார். அவரிடம் இருந்தது பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பிரஜை அல்லாதவருக்குக் காணி உரித்து மாற்றுவதைத் தடுக்கிறது; இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் தடை இல்லை. தம்பி பெயரில் எழுதலாம் என்று அவர் சொன்னார். அது அவர்கள் குடும்பத்துக்குள் தீர்க்க வேண்டிய விஷயம், அவசரப்படுத்தும் உரிமை நமக்கில்லை என்று இவர்கள் ஒதுங்கினார்கள். தம்பி வரவில்லை.

நவம்பர் கடைசி வாரம், பிறகு பெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்து கொட்டித் தீர்த்தது. நடு மழையில் போய்ப் பார்த்தோம். கேற்று மேடு தண்ணீரை மறித்தது, பக்கக் கான் இழுத்தது. மழை விட்டதும் முற்றம் சீக்கிரம் வடிந்தது. கூடத்துச் சுவர் காய்ந்து இருந்தது. வடக்குச் சுவரில் ஓர் இடம் மட்டும், பழைய குழி இருந்த பக்கம், தரையில் இருந்து அரை அடிக்கு ஈரம். குழியை நிரப்பிய மண் இறங்கிப் பள்ளமாகியிருந்தது. அதைத் திரும்ப இறுக்கி நிரப்பினார்கள்.

டிசெம்பரில், மழை நாளாகவே பார்த்து, வாங்குபவர்களை வரச் சொன்னார்கள். வெயில் வரும் வரை பொறுக்கச் சொன்ன தரகருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இறுதியில் வாங்கிய குடும்பம் அப்படி ஒரு மழை நாளில் வந்ததுதான். கணவர் அரச உத்தியோகத்தர், மனைவி தாதி, கூடவே கணவரின் தாய். தாயார் குசினி அலுமாரியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கிணற்றடியில் நின்று, “குழி எங்க, எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். பிறகு நனைந்த முற்றத்தில் நடந்து கான் போகும் வழியைப் பார்த்தார். வடக்குச் சுவரின் ஈரத்தையும் அந்த இடத்தில் இன்னும் ஒன்றிரண்டு வருடம் உப்புப் பூக்கலாம் என்பதையும் இவர்களே காட்டினார்கள். பழைய படங்களும் நீர்ப்பரிசோதனை அறிக்கைகள் இரண்டும் ஒரு கோப்பாகக் கொடுக்கப்பட்டன. இரண்டாவது அறிக்கை, கிணறு இறைத்துக் குளோரின் போட்ட பிறகு எடுத்தது, சுத்தம்.

வங்கிக் கடனுக்குப் போனபோது மதில் குறுக்கே வந்தது. நகரசபை கொடுத்த வீதிக் கோட்டுச் சான்றிதழின்படி கோடு (வீதிக்கென ஒதுக்கிய எல்லை) காணிக்குள் இரண்டரை அடி வருகிறது. புதிய மதில் அதற்கு வெளியே நிற்கிறது, அனுமதியும் இல்லை. வங்கி மதிப்பீட்டாளர் அந்த 100 சதுர அடியைக் கழித்தே மதிப்பிட்டார், மதில் பெறுமதியைச் சேர்க்கவும் இல்லை. கடிதப் போக்குவரத்தில் சில வாரம் போனது. முடிவில் 4 இலட்சம் குறைத்து, ஒரு கோடி 56 இலட்சத்துக்கு 2025 பெப்ரவரியில் உறுதி எழுதினார்கள்.

கணக்கு

தொகைகள் இலட்சத்தில்: வாங்கிய விலை 88, அந்த அம்மாவுக்கு 4, முத்திரை வரி 3.51 (முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம்), நொத்தாரிசு, தேடல், நில அளவை 1.75. ஆக 97 இலட்சத்து 26 ஆயிரம். திருத்த வேலை 35 இலட்சத்து 20 ஆயிரம். திருத்திய மதிப்பீட்டை விட 4 இலட்சத்துக்கு மேல் கூட. கடன் வட்டி 4.6, தரகு 3.12, மின்சாரம், தண்ணீர், காவல் முதலான சில்லறை 0.8. எல்லாமாக ஒரு கோடி 41 இலட்சம். மிஞ்சியது 15 இலட்சம், வரிக்கு முன்.

வரியிலும் ஒரு தெளிவு வேண்டும். காணி விற்றால் மூலதன இலாபத்துக்கு 10 வீதம் (2025 ஏப்ரலில் இருந்து தனியாளுக்கு 15) கட்டினால் முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வாங்கித் திருத்தி விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு அது வியாபார வருமானம் என்று கணக்காளர் சொன்னார். வருமான வரி அதன்படிதான் கட்டப்பட்டது.

ஒரு கோடி ரூபாய் சொந்தப் பணமும் பதினாறு மாத உழைப்பும் போட்டு, இருவருக்கும் சேர்த்து 15 இலட்சம். பணத்தை நிலையான வைப்பில் போட்டிருந்தாலும் இதற்கு வெகு தூரம் இல்லாத தொகை வந்திருக்கும். வெளியே பேசப்படும் இலாபக் கதைகளை நம்பி இறங்குபவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும். மேற்பார்வைக்கு இவர்கள் தங்களுக்குச் சம்பளம் போட்டிருந்தால் மிச்சம் இன்னும் சிறுத்திருக்கும்.

அடுத்த முறை மாற்றுவது

வீதிக் கோட்டுச் சான்றிதழும், காணி நகரசபைக்குச் சேரவில்லை என்ற சான்றிதழும் முற்பணம் கொடுக்கும் முன்பே எடுக்கப்படும். செலவு சொற்பம். எடுத்திருந்தால் மதில் இரண்டரை அடி உள்ளே போயிருக்கும், 4 இலட்சமும் போயிருக்காது.

கூரையைக் கீழிருந்து பார்த்து விலை பேசுவதில்லை. ஓடாவியைக் கூட்டிப் போய், பீலி ஓரத்தில் நாலு ஓடாவது கழற்றிப் பார்க்க விற்பவரின் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் கூரை முழுவதும் மாற்றும் செலவைப் போட்டுத்தான் விலை பேச வேண்டும்.

உடன்படிக்கையில் ஒரு வாசகம் சேர்க்கப்படும்: வெயில் காலத்தில் பேசிய விலை, மாரியில் ஒரு முறை பார்த்த பிறகு வரும் கட்டடச் சேதத்துக்கு ஏற்பத் திருத்தத்துக்கு உட்பட்டது. எல்லா உரிமையாளரும் இதற்கு இணங்க மாட்டார்கள். இப்போது இருவரும் உவர்மலைப் பக்கம் பார்த்துவைத்திருக்கும் வீட்டின் உரிமையாளர் இணங்கியிருக்கிறார். அங்கே கல் மேடு என்பதால் நிலத்து ஈரம் குறைவு, ஆனால் மேட்டுத் தண்ணீர் பின்சுவரில் வந்து சாய்கிறது.

சுண்ணாம்பு வேலைக்கு அந்த முதிய மேசனிடம் பழகிய இருவரையே திரும்பக் கூப்பிட ஏற்பாடாகியிருக்கிறது. சுண்ணாம்பு இம்முறை வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னமே ஊறப் போடப்படும்.